பந்தயப் புறாவின் இறகு உதிர்வில் சிக்கலா? அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி

இறகு உதிரும் பருவத்தில் ஏதாவது சரியில்லை என்று பட்டதும் மருந்துப் பெட்டியைத் திறக்க வேண்டாம். முதலில் புறாவைக் கையில் எடுத்து மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள். சிக்கல் ஒரு புறாவில் மட்டுமா, கூட்டம் முழுக்கவா? ஒரு சிறகிலா, இரண்டிலுமா? இறகின் நுனியிலா, நடுவிலா, அடியிலா?

ஒரு புறா, ஒரு சிறகு, ஒரே இறகு என்றால் அது பெரும்பாலும் அடிபட்ட காயம். ஒரு புறாவின் இரண்டு சிறகிலும் ஒரே மாதிரி இருந்தால் அந்தப் புறாவின் உடம்பில் ஏதோ கோளாறு. பல புறாக்களில் ஒரே சமயம் தெரிந்தால் தீவனம், தண்ணீர், மருந்து, கூடு ஆகிய நான்கில் ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும். இந்தப் பிரிப்பைச் செய்யாமல் கொடுக்கும் மருந்து, பல வேளை இருக்கிற சிக்கலை விடப் பெரிய சேதத்தை இறகில் விட்டுச் செல்கிறது. இந்த வருடம் கெட்டு முளைத்த இறகோடுதான் அடுத்த பந்தயப் பருவம் முழுக்க அந்தப் புறா பறந்தாக வேண்டும்.

சரியாக நடக்கும் உதிர்வு எப்படி இருக்கும்

ஒவ்வொரு சிறகிலும் நுனிப் பக்கம் 10 நீண்ட பறக்கும் இறகுகள் உண்டு, இவை பிரைமரி. இவற்றுக்கும் உடலுக்கும் நடுவே இருப்பவை செகண்டரி. செகண்டரியும் பிரைமரியும் சந்திக்கும் இடத்திலிருந்து வெளிநோக்கி எண்ணுங்கள். உள்ளே இருப்பது 1, சிறகின் நுனியில் இருப்பது 10. உதிர்வு எப்போதும் 1-இல் தொடங்கி வரிசையாக 10 வரை போகும். இரண்டு சிறகிலும் ஒரே எண் இறகு ஒரே நாளிலோ சில நாள் இடைவெளியிலோ விழும். முன்னது ஏறத்தாழப் பாதி வளர்ந்த பிறகே அடுத்தது விழுவது வழக்கம். இரண்டாம் ஈட்டு முட்டையில் அடை உட்கார்ந்திருக்கும்போது முதல் இறகு விழுவதைப் பல ஜோடிகளில் பார்க்கலாம். முதல் இறகு விழுந்ததிலிருந்து 10-ஆவது முழுதாக வளர்ந்து முடியும் வரை ஏறக்குறைய ஆறு மாதம் பிடிக்கும்.

5 அல்லது 6-ஆவது பிரைமரி விழும் சமயத்தில் செகண்டரி தொடங்கும். பிரைமரியை ஒட்டியதில் ஆரம்பித்து உடலை நோக்கி உள்ளே போகும். எல்லாச் செகண்டரியும் எல்லா வருடமும் மாறாது. ஆகவே பழைய, வெளுத்த செகண்டரி ஒன்றிரண்டு நடுவில் நிற்பது நோயல்ல. வாலில் 12 இறகுகள். நடு ஜோடிக்குப் பக்கத்து ஜோடி முதலில் விழும், அதன்பின் நடு ஜோடி, பிறகு வெளிநோக்கி. கடைசியாக விழுவது ஓரத்து ஜோடியல்ல, அதற்கு ஒன்று உள்ளே இருப்பது.

7-ஆவது பிரைமரிக்குப் பிறகு கழுத்து, தலை, மார்பு, முதுகு எல்லாம் சேர்ந்து கொட்டும். புறாவுக்கு மிகக் கடினமான கட்டம் இது. மேலே சொன்ன ஆறு மாதத்தில் கவனக்குறைவுக்குத் துளியும் இடமில்லாத வாரங்கள் இவைதான். கூட்டின் தரையில் மெல்லிய பஞ்சு இறகுகள் தினமும் பறந்துகொண்டிருந்தால் எல்லாம் நன்றாக நடக்கிறது என்று பொருள்.

குஞ்சுகள் ஆறிலிருந்து எட்டு வார வயதில் முதல் பிரைமரியைப் போடும். பருவத்தின் கடைசியில் பிறந்தவை குஞ்சுப் பருவத்தில் முளைத்த 8, 9, 10-ஆவது பிரைமரிகளை அடுத்த வருடம் வரை வைத்துக்கொள்வதுண்டு. அதற்கு எந்தச் சிகிச்சையும் வேண்டாம்.

அறிகுறி: உதிர்வு தொடங்கவே இல்லை, அல்லது நடுவில் நின்றுவிட்டது

புறாவின் கால் வளையத்திலுள்ள எண்ணை எழுதி, எத்தனையாவது பிரைமரி வரை மாறியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் கழித்து மறுபடி பாருங்கள். ஒரு இறகு கூட நகரவில்லை என்றால்தான் அது தேக்கம். கண்ணால் பார்த்து “இது மெதுவாகப் போகிறது” என்று முடிவு கட்டினால் அநேகமாகத் தவறாகவே இருக்கும்.

தேக்கம் உறுதியானால் இந்த வரிசையில் சோதியுங்கள். முதலாவது, அந்த ஜோடி இன்னும் குஞ்சு வளர்க்கிறதா? குஞ்சுக்காகத் தொண்டைப் பையில் சுரக்கும் பாலும் ஊட்டலும் உடம்பிலுள்ள புரதத்தை எடுத்துக்கொள்வதால் உதிர்வு மந்தமாகும். முட்டைகளை எடுத்துவிட்டு, குஞ்சுகள் தனியாகத் தின்னத் தொடங்கியதும் ஆண், பெண் இரண்டையும் வேறு வேறு அறையில் விடுங்கள். பெரும்பாலான தேக்கங்கள் இதிலேயே தீர்ந்துவிடும். இரண்டாவது, கூட்டில் இரவு நெடுநேரம் விளக்கு எரிகிறதா? பகல் குறைவதை உடம்பு உணர்வதுதான் உதிர்வை முடுக்கிவிடுகிறது. விளக்கை நிறுத்தி, இயற்கையான பகல் வெளிச்சத்துக்கு விட்டுவிடுங்கள். மூன்றாவது, மார்பெலும்பைத் தடவிப் பாருங்கள். கத்தி முனை போலக் கூர்மையாகப் பட்டால் புறா மெலிந்திருக்கிறது. வாயைத் திறந்து கேங்கர் (வாய்க்குள் மஞ்சள் கட்டி வரும் நோய்) இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எச்சத்தைப் புழுவுக்கும் காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணிக்கும் சோதனைக்கு அனுப்புங்கள்.

இளம் புறாக்களை நாளுக்கு 14, 15 மணி நேரம் இருட்டில் வைத்து உதிர்வைத் தள்ளிப்போடும் முறையில் வளர்த்திருந்தால், இருட்டு நிறுத்தப்பட்டதும் உடல் இறகு ஒரே மூச்சாகக் கொட்டும். தேங்கியிருந்தது மொத்தமாக வருகிறது, பயப்பட வேண்டாம். தீவனத்தை மட்டும் முன்கூட்டியே உயர்த்திவிடுங்கள்.

உதிர்வை விரைவாக்க இறகைப் பிடுங்குவது, தைராய்டு மாத்திரை கொடுப்பது என்று இரண்டு குறுக்குவழிகள் புழக்கத்தில் உள்ளன. இரண்டும் வேண்டாம். பிடுங்கும்போது இறகு முளைக்கும் தோல் குழி சிதைந்தால் அதில் இனி கோணல் இறகுதான் வரும். தைராய்டு ஹார்மோன் உதிர்வைக் கட்டாயப்படுத்தும். அத்தனை இறகையும் ஒரே சமயம் வளர்க்கும் சத்து உடம்பில் இருக்காது. இதயத்துக்கும் அது கூடுதல் சுமை.

அறிகுறி: வால் மொத்தமாக, அல்லது கொத்துக் கொத்தாக இறகு விழுந்துவிட்டது

காலையில் கூட்டைத் திறந்தால் தரையில் வால் இறகுகள் குவிந்து கிடக்கின்றன, புறா நலமாக நிற்கிறது என்றால் இரவில் அது மிரண்டிருக்கிறது. பிடிபட்ட நொடியில் இறகை விட்டுவிட்டுத் தப்புவது புறாவின் இயல்பு. எலி, பூனை, பாம்பு நுழையும் வழி உள்ளதா என்று பாருங்கள். ஒரு விரல் நுழையும் இடைவெளியைக்கூட விட்டுவைக்காதீர்கள். புறாவின் முதுகையும் சிறகின் அடியையும் ஊதிப் பிரித்துப் பல், நகக் காயம் இருக்கிறதா என்று தேடுங்கள். பூனைக் கடி ஊசித் துளையளவே தெரியும், ஆனால் விரைவில் சீழ் பிடிக்கும். அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டிய காயம் அது. காயமில்லை என்றால் வேறெதுவும் செய்ய வேண்டாம். குழி காலியானதும் புது இறகு தானே புறப்படும். அவை மூன்றில் இரண்டு பங்கு வளரும் வரை வெளியே பறக்க விடாதீர்கள்.

அறிகுறி: இறகின் குறுக்கே வெட்டியது போல மெல்லிய கோடு

இதைப் பட்டினிக் கோடு என்கிறோம். இறகு வளர்ந்துகொண்டிருந்த ஒரு நாளில் குழிக்குப் போகும் சத்தோ ரத்தமோ தடைபட்டதன் அடையாளம் இது. அந்த இடத்தில் இறகின் இழைகள் மெலிந்து, சில சமயம் தண்டே ஒடுங்கியிருக்கும். காற்றில் சிறகு வேலை செய்யும்போது இறகு ஒடிவது அந்தக் கோட்டில்தான்.

கோடு உருவான பிறகு அதை மாற்ற முடியாது. ஆனால் எப்போது உருவானது என்று கண்டுபிடிக்க முடியும். அந்த நாளில் கூட்டில் நடந்தது தெரிந்தால் காரணமும் கிடைத்துவிடும். இறகைச் சாய்ந்த வெளிச்சத்தில் பிடியுங்கள். தண்டுக்குக் குறுக்காக மங்கலான வெளிர்ப் பட்டையும் கரும் பட்டையும் மாறி மாறித் தெரியும். ஒரு வெளிர், ஒரு கரும் பட்டை சேர்ந்தது ஒரு நாள் வளர்ச்சி. பிரைமரியில் இது பெரும்பாலும் 3 முதல் 5 மி.மீ. இருக்கும். இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் இறகு என்றால், இளம் இறகைச் சுற்றியுள்ள உறையிலிருந்து இறகு வெளிவரும் இடம் முதல் கோடு வரை பட்டைகளை எண்ணுங்கள். உறைக்குள் மறைந்திருக்கும் பகுதிக்குச் சில நாளைச் சேர்த்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டால் தேதி கிட்டத்தட்டச் சரியாக வரும். தீவனம் மாற்றிய நாள், மருந்து கொடுத்த நாள், தடுப்பூசி போட்ட நாள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பவருக்கு மட்டுமே இந்தக் கணக்கு பயன்படும்.

கோடு நிற்கும் இடத்தையும் கவனியுங்கள். எல்லாப் பிரைமரியிலும் நேர் வரிசையில் ஒரே மட்டத்தில் கோடு ஓடினால், அது குஞ்சுப் பருவத்தில் உண்டானது. ஏனென்றால் குஞ்சுக்கு எல்லா இறகும் சேர்ந்து வளரும். உதிர்வில் உண்டான கோடு அப்போது வளர்ந்துகொண்டிருந்த ஓரிரண்டு இறகில் மட்டும், வேறு வேறு உயரத்தில் இருக்கும். இரண்டு சிறகிலும் இணையாக நிற்கும். ஒரு சிறகில் ஒரே இறகில் மட்டும் கோடு இருந்தால் அங்கே இடிபட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

கூட்டம் முழுக்கக் கோடு விழுவதற்கு அடிக்கடி அகப்படும் காரணங்கள்: ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் போனது, தீவனத்தைத் திடீரென்று குறைத்தது, கடும் உதிர்வில் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போட்ட தடுப்பூசி, புழு மருந்து. கடைசியதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஃபென்பென்டசோல், அல்பென்டசோல் ஆகிய புழு மருந்துகள் ஆடு, மாடு, நாய்க்குச் சாதாரணமாகப் பயன்படுகின்றன. புறாவுக்கு இவை ஆபத்தானவை. வேகமாகப் பிரியும் செல்களையே தாக்குவதால் முளைக்கும் இறகும் எலும்பு மஜ்ஜையும் ஒருங்கே கெடுகின்றன. புறா இறந்தும் போகலாம். புழு நீக்கத்தை உதிர்வு வேகமெடுப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். நடுவில் தவிர்க்க முடியாது என்றால், இறகைப் பாதிக்காத மருந்தைப் பறவை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

அறிகுறி: இறகில் ஊசித் துளைகள், கடித்தது போன்ற ஓரம்

சிறகை விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். துளைகள் வழியே ஒளி தெரிந்தால் பேன் இருக்கிறது என்று நம்பலாம். சிறகின் அடிப்புறத்தில், இழைகளின் இடுக்கில் கோடு போட்டது போல ஒல்லியாகப் படுத்திருக்கும். உடல் பேன் குட்டையாக, கழுத்துக்கும் இடுப்புக்கும் கீழே ஓடும். பேன் வாழ்நாள் முழுவதும் புறாவின் மேலேயே இருக்கும் என்பதால் புறாவுக்குத்தான் மருந்து போட வேண்டும். பறவைகளுக்கென்று விற்கும் பெர்மெத்ரின் தூளையோ தெளிப்பானையோ, மருந்துப் பொட்டலத்தில் உள்ள அளவுப்படி, சிறகின் அடியிலும் வாலின் அடியிலும் கழுத்திலும் படும்படி போடுங்கள். ஈர் சாகாது, ஆகவே 10 முதல் 14 நாளில் இரண்டாவது முறை கட்டாயம். பேன் திரும்ப வந்துவிட்டது என்று சொல்பவர்களில் பலர் இந்த இரண்டாவது முறையைத் தவிர்த்தவர்கள்.

பகலில் எதுவும் தெரியவில்லை, ஆனால் புறாக்கள் இரவில் அமைதியின்றி நகர்ந்துகொண்டே இருக்கின்றன, முகம் வெளிறிப் போகிறது என்றால் சிவப்புச் சிற்றுண்ணியைத் தேடுங்கள். இருட்டிய பின் டார்ச்சோடு போய், உட்காரும் பலகையின் அடியையும் மரச் சந்துகளையும் பாருங்கள். வெள்ளைத் தாளை அங்கே தேய்த்தால் சிவப்புக் கறை விழும். இது பகலில் கூட்டின் விரிசலில் ஒளிந்திருக்கும் என்பதால் புறாவுக்குப் போட்டுப் பயனில்லை. புறாக்களை வெளியேற்றி, கூட்டைச் சுரண்டிக் கழுவி, சந்துகளுக்குள் மருந்தடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே விட வேண்டும்.

அறிகுறி: தோல் தெரியும்படி சொட்டை

கடும் உதிர்வில் தலையும் கழுத்தும் காதோரமும் சொட்டையாகி, முள் முள்ளாகப் புது இறகின் குருத்து தெரிவது இயல்பு. பார்க்க அவலட்சணமாக இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் மூடிவிடும். குருத்தே இல்லாமல் வழவழவென்று தோல் மட்டும் தெரிந்தால் கவனிக்க வேண்டும். தலையின் பின்புறத்தில் மட்டும், அதுவும் ரத்தக் கீறலோடு இருந்தால் வேறொரு புறா கொத்துகிறது. இடத்தை அதிகமாக்குங்கள், கொத்துவதைத் தனியே பிரியுங்கள். இடுப்பு, முதுகு, கழுத்து ஆகிய இடங்களில் இறகு தோல் மட்டத்தில் ஒடிந்து, அடித்தண்டு மட்டும் எஞ்சி, தொட்டால் கையோடு வருகிறது, அடியில் உலர்ந்த செதில் ஒட்டியிருக்கிறது என்றால் அது இறகடிச் சிற்றுண்ணி. வெளிப்பூச்சுத் தூள் இதற்கு எட்டாது. ஐவர்மெக்டின் வகை மருந்தை மருத்துவர் சொல்லும் அளவில் கொடுக்க வேண்டும். ஒரு புறாவில் கண்டால் கூட்டம் முழுவதையும் சோதியுங்கள்.

அறிகுறி: குருத்தின் உறை பிரியவில்லை, இறகு தூரிகை போல மூடியே இருக்கிறது

புது இறகைச் சுற்றி மெழுகு போன்ற உறை இருக்கும். புறா அலகால் கோதிக் கோதி அதை உடைக்கும். குளிக்கத் தண்ணீர் கிடைக்காத கூட்டில் உறை காய்ந்து இறுகிவிடும். வாரம் இருமுறை, காலையில், 10 செ.மீ. ஆழத்துக்கு மேற்படாத தண்ணீரை அகன்ற தட்டில் வையுங்கள். மாலைக்குள் முழுதாகக் காய வேண்டும் என்பதால் மதியத்துக்குப் பிறகு வேண்டாம். குளித்து முடித்ததும் தட்டை எடுத்துக் கொட்டிவிடுங்கள். அந்த அழுக்கு நீரைக் குடித்தால் நோய் கூட்டம் முழுக்கப் பரவும். கொட்டும் முன் தண்ணீரின் மேற்பரப்பைப் பாருங்கள். வெள்ளைப் பொடி படலமாக மிதந்தால் மகிழலாம். இறகை நீர் ஒட்டாமல் காக்கும் பொடி அது. நலமான புறாவிடம்தான் அது தாராளமாகச் சுரக்கும்.

குளிப்பு கிடைத்தும் ஒரு புறாவுக்கு மட்டும் உறை பிரியவில்லை என்றால், அது தன்னைக் கோதுவதை நிறுத்தியிருக்கிறது. அலகு வளைந்து வளர்ந்திருக்கிறதா, வாய்க்குள் மஞ்சள் படிவு இருக்கிறதா என்று உடனே பாருங்கள். உறையை நகத்தால் உரித்துவிட ஆசை வரும். குருத்துக்குள் ரத்தம் ஓடுகிறது, அடிப்பகுதியைத் தொடவே கூடாது.

அறிகுறி: குருத்து ஒடிந்து ரத்தம் வடிகிறது

சுத்தமான பஞ்சில் மக்காச்சோள மாவைத் தொட்டு, ஒடிந்த இடத்தில் இரண்டு மூன்று நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இடையில் எடுத்துப் பார்க்காதீர்கள். நின்றுவிட்டால் புறாவை இருட்டான பெட்டியில் ஒரு நாள் தனியே வையுங்கள்; அந்த இறகை அப்படியே விட்டுவிடுங்கள். மறுபடி மறுபடி ரத்தம் வந்தால் மட்டும் தண்டை எடுக்க வேண்டியிருக்கும். ஒரு கையால் சிறகெலும்பை அசையாமல் பிடித்து, தோலை ஒட்டித் தண்டைக் குறடால் கவ்வி, இறகு வளரும் திசையிலேயே நேராக இழுக்க வேண்டும். திருகினால் குழி கெடும். இதைச் செய்து பழகாதவர் மருத்துவரிடம் கொண்டுபோவதே நல்லது. ரத்தம் ஓடாத பழைய இறகு ஒடிந்தால் அடுத்த உதிர்வு வரை காத்திருங்கள்.

கோணல் இறகு, இறகடியில் கட்டி, நிறப்புறாவில் திடீரென வெள்ளை இறகு ஆகிய மூன்றும் பெரும்பாலும் குழிக்கு நேர்ந்த பழைய காயத்தின் விளைவுகள். கட்டியை மட்டும் மருத்துவர் திறந்து பார்க்க வேண்டும். உள்ளே இறகு சுருண்டிருக்கும். கையால் பிதுக்காதீர்கள்.

அறிகுறி: புது இறகே மங்கலாக, சொரசொரப்பாக, எளிதில் ஒடிவதாக வருகிறது

பேன் இல்லை, பட்டினிக் கோடு இல்லை, ஆனால் இறகில் பளபளப்பும் பட்டுத்தன்மையும் இல்லை என்றால் தீவனத்தைப் பாருங்கள். இறகில் 90 சதவீதம் புரதம். அதிலும் கந்தகம் கொண்ட மெதியோனின், சிஸ்டின் என்ற அமினோ அமிலங்கள் அதிகம் தேவை. பட்டாணியும் பயறும் புரதம் தரும், ஆனால் மெதியோனின் அவற்றில் குறைவு. அதனால்தான் பட்டாணியை மட்டும் கூட்டிக்கொண்டே போவதால் இறகு தேறுவதில்லை. எண்ணெய் விதையும் ஈஸ்ட்டும் சேர வேண்டும்.

10 கிலோ கலவைக்கு: மக்காச்சோளம் 3 கிலோ, உலர்ந்த பட்டாணி 2.5 கிலோ, கோதுமை 1.5 கிலோ, சோளம் 1.2 கிலோ, பாசிப்பயறு 800 கிராம், குசும்பா விதை 600 கிராம், ஆளி விதை 400 கிராம். இதில் புரதம் ஏறக்குறைய 15 சதவீதம் வரும். ஒரு புறாவுக்கு நாளுக்கு 30 முதல் 35 கிராம், கடும் உதிர்வில் 40 கிராம் வரை கொடுக்கலாம். வாரம் இரண்டு மூன்று நாள், ஒரு கிலோ தீவனத்தில் 5 மி.லி. சமையல் எண்ணெயைப் பிசறி, அதன் மேல் 10 கிராம் புரூவர்ஸ் ஈஸ்ட் தூவிக் கொடுங்கள். பிசறியதை அன்றே தீர்த்துவிட வேண்டும். மீந்த எண்ணெய்த் தீவனம் சிக்குப் பிடித்துக் குடலைக் கெடுக்கும். கிரிட்டும் (தீவனத்தை அரைக்க உதவும் பொடிக்கல்) தாது உப்பும் தினமும் புதிதாக இருக்கட்டும்.

இறகு விழுகிறது, பறப்பது குறைந்துவிட்டது, எனவே தீவனத்தைக் குறைப்போம் என்ற கணக்கு இந்தப் பருவத்துக்குப் பொருந்தாது. எடையைக் குறைப்பதை உதிர்வு முடிந்த பிறகு நிதானமாகச் செய்யலாம்.

அறிகுறி: நீர்த்த எச்சம், ஓயாத தாகம், மூலையில் முடங்கல்

உதிர்வில் புறா அமைதியாக இருக்கும், பறக்க விரும்பாது. ஆனால் தீவனம் போட்டதும் ஓடி வரும். ஓடி வராத புறா நோயாளி. உதிர்வுதான் என்று விட்டுவிடக் கூடாது. உடனே தனிமைப்படுத்துங்கள். தண்ணீர் மிக அதிகமாகக் குடித்து, எச்சம் வெறும் நீராகி, சில நாளில் கழுத்து திருகினால் பாராமிக்சோ வைரஸ். சிறகு மூட்டோ கால் மூட்டோ வீங்கி, பச்சை எச்சம் போட்டால் சால்மொனெல்லா. வாய்க்குள் மஞ்சள் கட்டி கேங்கர். மூன்றுக்கும் சிகிச்சை வேறு. எச்ச மாதிரியோடு மருத்துவரிடம் போவதே குறுகிய வழி.

பாராமிக்சோ தடுப்பூசியை உதிர்வு முற்றும் முன்போ, கடைசி பிரைமரி வளர்ந்த பிறகோ வைத்துக்கொள்ளுங்கள்.

உதிர்வு முடிந்துவிட்டதா என்று எப்படி அறிவது

10-ஆவது பிரைமரியின் அடித்தண்டைப் பாருங்கள். நீலமோ கருஞ்சிவப்போ தெரிந்தால் உள்ளே இன்னும் ரத்தம் ஓடுகிறது. நீளம் போதுமானதாகத் தோன்றினாலும் இறகு முற்றவில்லை. தண்டு வெளிறி, கண்ணாடி போலத் தெளிந்து, அடியில் உறைத்துகள் இல்லாமல் இருந்தால் முடிந்தது. இரண்டு சிறகிலும் இப்படி ஆன பிறகே ஜோடி சேர்க்கலாம், கூடை ஏற்றிப் பயிற்சிக்கு அனுப்பலாம்.